அவள் பக்கத்து நாற்காலி

என் மகள் பெயரை மட்டும் கேட்காதீர்கள். வேறு எது கேட்டாலும் சொல்கிறேன். பெயர் சொல்லக் கூடாதாம், சட்டமாம். பேப்பரில் வரக் கூடாது, பக்கத்து வீட்டுக்காரியிடம்கூடச் சொல்லக் கூடாது. நல்லதுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெயரை வைத்தது யார்? அவள் வயிற்றில் இருக்கும்போதே முழங்காலில் நின்று ஜெபித்து வாங்கின பெயர். அதை நான் சொல்லக் கூடாது என்று எனக்கே பாடம் எடுக்கிறாள் இந்த இசக்கியம்மாள்.

இசக்கியம்மாள் யாரா? உள்ளே இருக்கிறாள். எதிரே கதவு சாத்தியிருக்கிறதே, அதுதான் மகளிர் கோர்ட்டு. என் மகள் உள்ளே சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் பக்கத்தில் ஒரு நாற்காலி. அந்த நாற்காலியில் இசக்கியம்மாள். பெற்றவள் நான் வராந்தாவில்.

நீங்கள் உங்கள் தங்கச்சியின் ஜீவனாம்சக் கேஸுக்கு வந்ததாகச் சொன்னீர்கள் இல்லையா? அந்தக் கோர்ட்டில் கூப்பிட எப்படியும் மத்தியானம் ஆகும். எனக்கும் எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது. நானும் சாட்சிதான். அதனால்தான் என்னை உள்ளே விடவில்லையாம். ஒரு சாட்சி பேசும்போது அடுத்த சாட்சி காதில் விழக் கூடாதாம். அரசு வக்கீலம்மா அப்படித்தான் சொன்னார்கள். எனக்கென்னவோ இது இசக்கி பார்த்த வேலையாகத்தான் தோன்றுகிறது. 'அம்மா வெளியதான் இருக்கணும்' என்று வக்கீலம்மா சொன்னபோது நான் இசக்கி முகத்தைத்தான் பார்த்தேன். வருத்தப்படுகிற மாதிரி இருந்தது. அந்த மாதிரி முகம் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அவர்களுக்கு ட்ரெயினிங் எல்லாம் உண்டு.

என் மகள் பி.காம். படித்தவள். நான் எட்டாவது. ஒரு இரும்புக் கடையில் கணக்கு எழுதப் போய்க்கொண்டிருந்தாள். கடையைப் பார்த்துக்கொள்கிறவன் முதலாளியின் மருமகன். ஸ்டாக் சரிபார்க்க வேண்டும் என்று பின்னால் இருக்கிற குடோனுக்குக் கூப்பிட்டிருக்கிறான். மேலே என் வாயில் வராது. அவளைப் பலவந்தம் பண்ணிவிட்டான். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும். உள்ளே அவள் முழுசாகச் சொல்லிக்கொண்டிருப்பாள், இசக்கி கேட்டுக்கொண்டிருப்பாள்.

அன்றைக்குச் சாயங்காலம் வந்து வாசலில் நின்றாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பெற்றவளுக்குத் தெரியாதா? "ம்மா, அவன்..." என்று ஆரம்பித்தாள். "பேசாத. ஒண்ணும் பேசாத மக்ளே. உள்ள வா" என்று கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். அண்டா நிறைய வெந்நீர் வைத்தேன். டெட்டால் ஊற்றினேன். பிள்ளையாக இருந்தபோது குளிப்பாட்டின மாதிரி என் கையாலேயே தலையோடு குளிப்பாட்டினேன். நகத்தை எல்லாம் வெட்டிவிட்டேன். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கிறது அவளுக்கு.

போட்டிருந்த சுடிதாரையும் உள்ளே போட்டிருந்ததையும் உடனே ஊறப்போட்டேன். துவைக்கிற கல்லில் போட்டு அடித்தேன் பாருங்கள், அவனையே போட்டு அடிக்கிற மாதிரி. என் தோள்பட்டை ஒரு வாரம் வலித்தது. ஒரு பொட்டுக் கறை இல்லாமல் எடுத்துவிட்டேன். கடையில் வாங்கின அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படி. இசக்கியம்மாள் என் பிள்ளைக்கு ஒரு கைக்குட்டை துவைத்துக் கொடுத்திருப்பாளா?

மறுநாளே இருபத்தொரு நாள் உபவாச ஜெபம் தொடங்கினேன். எங்கள் சபையில் பெரிய காரியத்துக்கு அப்படித்தான். ஆனால் சபையில் யாருக்கும் சொல்லவில்லை. திருப்பூரில் இருக்கிற மகனுக்கும் சொல்லவில்லை. நானும் அவளும் மட்டும். பகலில் தண்ணீர், பொழுது சாய்ந்ததும் கஞ்சி. "யார்ட்டயும் சொல்லாத மக்ளே. ஆண்டவர் பாத்துக்குவார். வெளிய தெரிஞ்சா நம்மதான் தலைகுனியணும்" என்று சொல்லிச் சொல்லி அவளைத் தேற்றினேன். கடைக்குப் போன் பண்ணிக் காய்ச்சல் என்றேன். அது பொய் இல்லை, அவளுக்கு உடம்பு சுடத்தான் செய்தது. நாள் பூராவும் என் பக்கத்திலேயே இருந்தாள். எங்கேயும் போகவில்லை. காலேஜுக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து அவள் என்னோடு அப்படி இருந்ததே இல்லை. அழுகைதான், வேதனைதான், ஆனால் எனக்கே எனக்கு என்று இருந்தாள்.

உபவாசம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது குளிக்கப் போனவள், குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நூற்று எண்பத்தொன்றுக்குப் போன் பண்ணியிருக்கிறாள். பெண்களுக்கு உதவி செய்கிற நம்பர். ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதியிருக்குமே, அதுதான். இரண்டு நாள் பொறுத்திருந்தால் ஆண்டவரே ஒரு ஆளை அனுப்பியிருப்பார். அதற்குள் இசக்கியம்மாள் வந்துவிட்டாள்.

ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். கழுத்தில் அட்டை. பெரியாஸ்பத்திரி வளாகத்துக்குள் இருக்கிற ஒருங்கிணைந்த சேவை மையத்திலிருந்து வருகிறாளாம். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குத் துணை நிற்பதுதான் வேலையாம். முப்பத்தைந்து வயசு இருக்கும். "தங்கச்சி இருக்காளாம்மா?" என்று கேட்டாள். எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. நான் பெற்றது ஒரு மகன், ஒரு மகள். இவளைப் பெற்றதாக எனக்கு ஞாபகம் இல்லை.

காபி போட்டுக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கொடுக்காமல் இருக்க முடியுமா? குடித்து முடித்து, "ஏ தங்கச்சி, நாம பேசும்போது அம்மா கூட இருக்கட்டுமா, வெளிய இருக்கட்டுமா? உனக்கு எது சரியோ அதச் சொல்லு" என்றாள். இதெல்லாம் ஒரு கேள்வியா? என் மகள் தரையைப் பார்த்துக்கொண்டே, "அம்மா வெளிய இருக்கட்டும்" என்றாள்.

என் வீட்டிலிருந்து என்னை வெளியே அனுப்பிவிட்டாள், என் காபியைக் குடித்துவிட்டு.

கொல்லையில் போய் முருங்கைக் கீரை உருவினேன். ஒரு முறம் கீரை உருவி முடித்தாயிற்று, உள்ளே பேச்சு முடியவில்லை. என்னிடம் அத்தனை நாளாக அவள் பேசினது 'ம்', 'வேண்டாம்', 'தூங்குறேன்', இவ்வளவுதான். அங்கே மடை திறந்த மாதிரி பேசுகிறாள், அழுகிறாள், திரும்பவும் பேசுகிறாள். ஜன்னல் பக்கம் போனேன், கீரைக் காம்பு கீழே விழுந்திருந்தது, எடுக்கத்தான். இசக்கி சொல்கிறாள்: "கேஸ் குடுக்கணுமா வேண்டாமான்னு நீதான் முடிவு பண்ணணும். நானும் சொல்ல மாட்டேன், அம்மாவும் சொல்லக் கூடாது. நீ என்ன முடிவு எடுத்தாலும் நான் வருவேன்."

அம்மாவும் சொல்லக் கூடாதாம்! அவள் எந்தக் கலர் பாவாடை கட்ட வேண்டும் என்பதிலிருந்து எல்லாம் நான் சொன்னதுதான்.

பிறகு இசக்கி கொல்லைக்கு வந்தாள். "அம்மா, அன்னைக்குத் தங்கச்சி போட்டிருந்த துணி..." என்றாள். "துவைச்சி, தேச்சி, பீரோவுல வச்சிருக்கேன். பாக்கியளா?" என்றேன். "சரிம்மா" என்றாள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அந்தச் 'சரிம்மா' இருக்கிறதே, அதை என்னால் இன்றுவரைக்கும் முழுங்க முடியவில்லை.

"இவ்வளவு நாள் கழிச்சுப் போனா ஸ்டேஷன்ல விரட்டி விட்டுருவாவ" என்றேன். அப்படியாவது போகாமல் இருக்கட்டுமே என்றுதான். "விரட்டக் கூடாதும்மா, எழுதித்தான் ஆகணும். ஏன் பிந்திச்சுன்னு காரணம் சொன்னா போதும். அந்தக் காரணத்த நீங்களும் சொல்ல வேண்டியிருக்கும்" என்றாள்.

கேஸ் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டாள் என் மகள். இசக்கி சொன்ன மாதிரியேதான் நடந்தது, அதுதான் எரிச்சல். பெண் எஸ்.ஐ. சாதாச் சேலை கட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்து எழுதிக்கொண்டு போனார்கள். ஸ்டேஷனுக்கு வர முடியாது என்று பிள்ளை சொன்னால் அவர்கள்தான் வர வேண்டுமாம். எஃப்.ஐ.ஆர். நகலைக் கையில் கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒவ்வொன்றுக்கும், "இப்ப பாக்கட்டுமா? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு" என்று கேட்டுக் கேட்டுத்தான் பார்த்தார்களாம். பார்த்தார்களாம் என்றுதான் சொல்ல முடியும். நான் எங்கே இருந்தேன்? "கூட யாரு இருக்கணும்?" என்று டாக்டரம்மா கேட்டதற்கு என் மகள், "அக்கா" என்றாள்.

அக்காவாம். இவள் பிறக்கும்போது கொடி சுற்றிக்கொண்டு, தாயா பிள்ளையா என்று கேட்டார்கள். பிள்ளை என்று சொன்னவள் நான். அன்றைக்கு இந்த அக்கா எங்கே இருந்தாள்? ஏழாம் வகுப்பில் உட்கார்ந்து வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்திருப்பாள்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, நான் ஜெபம்கூடப் பண்ணினேன். அவளுக்குக் கெட்டது நினைக்கவில்லை, நான் அப்படிப்பட்டவள் இல்லை. ஆண்டவரே, இசக்கியம்மாளுக்கு ஒரு ட்ரான்ஸ்பர் கிடைக்கட்டும் என்று கேட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, அது காண்ட்ராக்ட் வேலை, ட்ரான்ஸ்பரே கிடையாதாம். சரி, நல்ல மாப்பிள்ளை அமையட்டும், சென்னையில், முடிந்தால் துபாயில் என்று மாற்றிக் கேட்டேன். அவளுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் இருக்கிறதாம். எந்தப் பக்கம் போனாலும் வழியை அடைத்து வைத்திருக்கிறாள்.

பிள்ளைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை என்றால் மையத்தில் மனசுக்குப் பார்க்கிற வேறு ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போவாள். கடைக்காரன் வீட்டு ஆட்கள் எங்கள் தெருவில் வந்து நின்று ஒரு மாதிரி பேசினபோது, நான் கதவைச் சாத்திவிட்டு ஜெபித்தேன். என் மகள் இசக்கிக்குப் போன் பண்ணினாள். மறுநாள் போலீஸ் வந்து அவர்களை எச்சரித்துவிட்டுப் போனது. என் ஜெபத்தில்தான் போலீஸ் வந்தது என்று நான் சொன்னேன். "ஆமாம்மா" என்றாள் மகள். அப்படிச் சொல்லும்போது போனில் இசக்கிக்குத்தான் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள்.

போன வாரம் நடந்ததைக் கேளுங்கள். கோர்ட்டு காலியாக இருக்கும்போது ஒரு தடவை காட்டிவிட்டால் பயம் தெளியும் என்று என் மகளை இங்கே கூட்டிவந்தாள் இசக்கி. நானும் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தேன். "நீ இங்க நிப்ப. அவன் அங்க. நடுவுல திரை போடுவாங்க, அவன் மூஞ்சிய நீ பாக்க வேண்டாம். கதவைச் சாத்திருவாங்க, வேடிக்கை பாக்க ஒருத்தரும் வர முடியாது. உன் நடத்தையப் பத்தி அவங்க வக்கீல் கண்டதையும் கேட்டா ஜட்ஜம்மா நிப்பாட்டுவாங்க. கால் வலிச்சா நாற்காலி கேளு, தாகமா இருந்தா தண்ணி கேளு. ஒண்ணு புரியலன்னா புரியலன்னு சொல்லு" என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். அப்புறம் ஜட்ஜம்மா நாற்காலியைக் காட்டிக் காதில் என்னவோ சொன்னாள். என் மகள் சிரித்தாள்.

வாய்விட்டுச் சிரித்தாள். அது நடந்ததற்கு அப்புறம் நான் கேட்ட முதல் சிரிப்பு அது.

"என்னட்டி சிரிப்பு?" என்று வாசலிலிருந்து கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா" என்றாள். நான் சந்தோஷப்பட வேண்டியவள்தான். சந்தோஷமும் வந்தது. ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று வந்துவிட்டது. தயிர் சாதத்தை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக்கொண்டு போய்விட்டேன். பசிக்கவில்லை என்று சொன்னார்கள். இரண்டு பேரும் கேன்டீனில் பரோட்டா சாப்பிட்டிருக்கிறார்கள்.

இப்போது விஷயம் என்னவென்றால், என் சாட்சி. அரசு வக்கீலம்மா என்னை உட்கார வைத்துச் சொன்னார்கள்: "எதிர்த்தரப்புல துணி ஏன் இல்ல, ஏன் இவ்வளவு நாள் சும்மா இருந்தீங்கன்னுதான் பிடிப்பாங்க. துணியத் துவைச்சதையும், குளிக்க வச்சதையும், யார்ட்டயும் சொல்லாதன்னு சொன்னதையும் நீங்க உங்க வாயால சொன்னாத்தான்மா அவ சொல்றது நிக்கும். நீங்க மாத்திச் சொன்னா அவ பொய்க்காரி ஆயிருவா."

பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பார்க்கிறேன் என்றால் என்ன அர்த்தம்? உங்களிடம் சொல்கிறேன், ஞாபகம் இல்லை என்று சொல்லிவிடலாம் என்றுதான் வீட்டை விட்டுப் புறப்பட்டேன். நான் பிள்ளைக்குச் செய்ததை எதற்குக் கோர்ட்டில் கொண்டுவந்து கொட்ட வேண்டும்? அந்த மூன்று வேலையையும் வக்கீலம்மா வரிசையாகச் சொல்லும்போது என்னவோ நான்தான் அந்தக் குடோன் கதவைச் சாத்தின மாதிரி இருக்கிறது. இசக்கி வேறு பக்கத்தில் நின்றுகொண்டு, "உங்களக் குத்தம் சொல்லலம்மா. தெரியாம எல்லாரும் செய்யுறதுதான்" என்கிறாள். தெரியாமலா? எனக்குத் துவைக்கத் தெரியாதா? இவள் சொல்லிக் கொடுத்து நான் சாட்சி சொல்வதா?

இன்றைக்குக் காலையில் தலை பின்னிவிட்டேன். அதற்கு மட்டும் இன்னும் என்னிடம்தான் வருகிறாள். "ம்மா, நடந்ததச் சொல்லிருவேல்ல?" என்றாள். "நான் என்ன உன் அக்கா மாதிரி படிச்சவளா? வக்கீல் சத்தம் போட்டா எனக்கு எது மறக்குமோ" என்றேன். அவள் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. பின்னல் முடிகிறவரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

இருங்கள். கொஞ்சம் பேசாமல் இருங்கள்.

அது அவன் வக்கீல். மேலே ஜன்னல் திறந்திருக்கிறது, அதுதான் கேட்கிறது. 'துணி எங்கே? துவைச்சுட்டாங்களாம், வசதியா! நடந்திருந்தாத்தானே துணி இருக்கும்?' கேட்டதா? ஒரு பொம்பளைப் பிள்ளையிடம் இப்படியா கத்துவது? ஜட்ஜம்மா அதட்டுகிறார்கள் போல. இசக்கி என்ன பண்ணுகிறாள்? எழுந்து நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வேண்டியதுதானே? அவள் வாயைத் திறக்கக் கூடாதாம். சும்மா பக்கத்தில் இருக்க மட்டும்தான் அனுமதியாம். அப்புறம் எதற்கு அந்த நாற்காலி?

இது அவள். என் மகள்.

'எங்கம்மாவக் கேளுங்க. வெளியதான் இருக்காங்க. எங்கம்மா பொய் சொல்ல மாட்டாங்க.'

கேட்டீர்களா? நீங்கள் கேட்டீர்களா, இல்லையா? எனக்குச் சரியாகத்தானே விழுந்தது? அம்மா என்றுதானே சொன்னாள்? அக்கா என்று சொல்லவில்லையே? இவ்வளவு சத்தமாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை. சண்டே ஸ்கூலில்கூடப் பின்வரிசையில் நின்று வாயசைக்கிற பிள்ளை.

இல்லை, தண்ணீர் வேண்டாம். கண்ணில் ஒன்றுமில்லை, இந்த வராந்தாவில் தூசி.

யோசித்துப் பாருங்கள். இசக்கியைக் கூண்டில் நிறுத்திக் கேட்டால் அவளால் இதற்குப் பதில் சொல்ல முடியுமா? முடியாது. அவள் எத்தனை ட்ரெயினிங் போனால் என்ன, அன்றைக்கு அவள் அங்கே இல்லை. வெந்நீர் வைத்தது நான். கல்லில் அடித்தது நான். பேசாதே என்று சொன்னது நான். அந்த வீட்டுக்குள் இருந்தது அவளும் நானும்தான். அதைச் சொல்ல உலகத்தில் வேறு ஆள் கிடையாது. ஞாபகம் இல்லையா எனக்கு? துணியை ஊறப்போட்ட வாளி என்ன நிறம் என்று கேட்கட்டும், சொல்கிறேன்.

கதவு திறக்கிறது. வெளியே வருகிறார்கள். எப்படி வெளுத்துப்போயிருக்கிறாள் பாருங்கள். கை இசக்கியின் கையில்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

என்னைத்தான் கூப்பிடுகிறார் டவாலி. ரூபாவதி, ரூபாவதி, ரூபாவதி. வருகிறேன் ஐயா, காது கேட்கிறது எனக்கு.

"அம்மா, பதறாதீங்க. ஜட்ஜம்மாட்ட கேட்டா விடுவாங்க. நான் உள்ள வந்து உங்க பக்கத்துல இருக்கட்டா?"

"எனக்கு எதுக்குட்டி நீ? நான் தனியாப் போயிக்கிடுவேன். நீ அவ கூட இரு. அழுது முடிச்சா அவளுக்குப் பசிக்கும், சின்னப் பிள்ளைல இருந்தே அப்படித்தான். எதையாவது வாங்கிக் குடு."

"தெரியும்மா. பையில பன் வச்சிருக்கேன்."

தெரியுமாம். பார்த்தீர்களா? எல்லாம் தெரியும் இவளுக்கு.

சரி, நான் போகிறேன். நீங்கள் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி உட்காருங்கள், பிள்ளை உட்காரட்டும். இன்னும் கொஞ்சம் தள்ளுங்கள். இரண்டு பேர் உட்கார வேண்டும்.